அந்த மத்யமத்தை எடுத்துவிடச் சொன்னேன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி அவன். பகலெல்லாம் பற்றவைக்கிற வேலை. இரவு சாப்பிட்ட பிறகு மெட்டுப் போடுவான். முறையாகப் பாட்டுக் கற்றவன் இல்லை. பழைய கீபோர்டு ஒன்று, கைபேசி, காதில் மாட்டிக்கொள்ள ஓர் இயர்போன், இவ்வளவுதான் அவனிடம் உண்டு. என்னிடம் பாட்டுக் கற்கும் ஒரு பெண்ணின் வீட்டார் மூலமாக என் எண் அவனுக்குக் கிடைத்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு முதல் பாட்டை அனுப்பினான். கூடவே ஒரு வரி: "அக்கா, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்."

3 நிமிடம் 40 நொடி ஓடும் பாட்டு. வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போன அப்பாவுக்காக வாசலில் உட்கார்ந்திருக்கும் பையன் பாடுகிறான். சங்ககிரிப் பக்கமும் நாமக்கல் பக்கமும் அப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். மெட்டு ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்களில் இதமாக நடந்தது. மோகன ராகம் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடலாம். மூன்றாவது வரியில் 'இன்னும் வரவில்லை' என்று வரும் இடத்தில் மட்டும், 'ப' என்கிற பஞ்சமத்திலிருந்து இறங்கும்போது ஒரு சுத்த மத்யமம், அதாவது 'ம', தலைகாட்டியது. மோகனத்தில் மத்யமம் கிடையாது.

நான் பதில் எழுதினேன். "மோகனத்தில் மத்யமம் வராது தம்பி. மூன்றாவது வரியில் அதை எடுத்துவிட்டு நேராகக் காந்தாரத்துக்குப் போ. மற்றபடி நன்றாக இருக்கிறது." இரண்டு நிமிட வேலை. எழுதிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் இரவே திருத்திய பாட்டு வந்தது. ப, க, ரி என்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றாவது வரி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. முதல் நாள் அந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்த என் காது, மறுநாள் அதைக் கடந்து போய்விட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "இப்போது சரி" என்று எழுதினேன்.

சில மாதங்கள் கழித்து வேறு ஒரு வேலையாக அஸ்தம்பட்டிப் பக்கம் வந்தவன் வீட்டுக்கும் வந்தான். காப்பி குடித்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்த இடத்தில் ஏன் அப்படிப் போட்டாய்?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "இருட்டில் படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைப்போமே அக்கா, அங்கே படி இருக்காது. வயிற்றில் ஒன்று செய்யும். அது வர வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் தப்பு என்றீர்கள், எடுத்துவிட்டேன்."

மோகனம் என்ற பெயரே அவனுக்குத் தெரியாது. ராகத்தைத் தெரிந்துகொண்டு மீறியவனும் இல்லை, தெரியாமல் இடறியவனும் இல்லை. தன் பாட்டுக்கு எது வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெயரை வைத்துக்கொண்டு நான்தான் அந்த இடத்தை அடைத்தேன். பழைய பதிவை அவன் அழித்திருந்தான். திரும்பப் பாடிப் பார்த்தான். முதல் தடவை வந்த தடுமாற்றம் வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

அதன் பிறகு, பாட்டு அனுப்புகிறவர்களுக்குப் பதில் சொல்லும் முறையை அடியோடு மாற்றிக்கொண்டேன். சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் ஆத்தூர், மேட்டூர்ப் பக்கத்திலிருந்தும் இன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் எனக்கு மெட்டு அனுப்புகிறார்கள். தறி ஓட்டுகிறவர், ஸ்டீல் பிளான்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நர்சிங் படிக்கிற பிள்ளை என்று பல தரத்தவர். யாரும் இதை வைத்துச் சம்பாதிக்கப் போவதில்லை. அதனாலேயே அவர்களுக்குச் சொல்லும் பதில் இன்னும் முக்கியமாகிறது. தொழில்முறைக் கலைஞருக்கு நூறு காதுகள் உண்டு. இவர்களுக்கு ஒன்றோ இரண்டோதான்.

ஏற்காடு சாலையில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பார்கள். டி. ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய அந்த சினிமா ஸ்டூடியோவில் இன்று மிஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவுதான். ஜி. ராமநாதன் இசையமைத்த 'மந்திரி குமாரி' 1950-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. அந்தக் காலத்து மெட்டுகளெல்லாம் பலர் கூடிய அறையில் பிறந்தவை. ஆர்மோனியத்துக்கு எதிரே பாடலாசிரியர் உட்கார்ந்திருப்பார், இயக்குநர் இருப்பார், தபேலாக்காரர் இருப்பார். மெட்டு பிடிக்காவிட்டால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை, முகமே சொல்லிவிடும். நடுராத்திரியில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாக மெட்டுப் போடும் இந்தப் பிள்ளைகளுக்கு அந்த முகங்கள் இல்லை. நான் எழுதி அனுப்பும் நான்கு வரிதான் அவர்களுக்கு அந்த அறை. வளைவைத் தாண்டும்போதெல்லாம் இது மனத்தில் ஓடும்.

இப்போது பாட்டு வந்ததும் முதலில் ஒன்றும் எழுதுவதில்லை. ஒரு தடவை முழுக்கக் கேட்கிறேன். கையில் பேனா கிடையாது, வேறு வேலையும் கிடையாது. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே கேட்பதில்லை; "இரண்டு நாள் பொறு" என்று சொல்லிவிடுவேன். இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் தாளை எடுப்பேன். காது எங்கே நிமிர்ந்தது, எங்கே அலைந்தது, எந்தச் சொல் புரியவில்லை என்பதை நிமிடமும் நொடியும் போட்டுக் குறித்துக்கொள்வேன். நொடிக் கணக்கு இல்லாத கருத்தால் யாருக்கும் பயன் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 'நடுவில் கொஞ்சம் தொய்கிறது' என்றால் அவர் நடுவில் எங்கே போய்த் தேடுவார்? '2 நிமிடம் 5 நொடியிலிருந்து 2 நிமிடம் 30 நொடி வரை இடையிசையில் ஒரே சொற்றொடர் நான்கு முறை வருகிறது, மூன்றாம் முறையிலேயே நான் சரணத்துக்குக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன்' என்றால், அவர் அந்த இடத்தைத் திறந்து கேட்டுப் பார்ப்பார். ஒத்துக்கொள்வதும் தள்ளுவதும் அவர் பாடு.

மூன்றாம் தடவை இயர்போனில். இது நான் பட்டுக் கற்றது. மேட்டூரிலிருந்து ஒருவர் சொல் இல்லாத ஒரு மெட்டு அனுப்பியிருந்தார். கைபேசியை மேசைமேல் வைத்துக் கேட்டேன். மோகனம் போலவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் 'ரி' என்கிற ரிஷபத்தில் போய் நின்றது. முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் தொங்குகிறதே என்று எழுதப் போனேன். நல்லவேளையாக இயர்போனை மாட்டினேன். அடியில் கீபோர்டின் கனத்த கீழ்ச்சுரம் ஒன்று விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் ரிஷபம் என்று நினைத்ததுதான் அவருடைய ஷட்ஜம், அதாவது ஆதாரமான 'ச'. மோகனத்தின் ரிஷபத்தை ஆதாரமாக வைத்தால் மத்யமாவதி ராகம் வரும் என்பது, ஆதாரச் சுரத்தை மாற்றி வேறு ராகம் காணும் கிரகபேதத்தின் பாலபாடம். மாணவர்களுக்கு எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! கைபேசியின் சின்ன ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அவர் கட்டிய வீட்டின் அஸ்திவாரம் என் காதுக்கு எட்டவே இல்லை, நான் சுவர் சாய்ந்திருக்கிறது என்று சொல்லப் போனேன்.

கேட்டு முடித்ததும் இரண்டு கேள்விகள் கேட்பேன். பாட்டு இப்போது எந்த நிலையில் இருக்கிறது? உனக்கு என்ன தெரிய வேண்டும்? சொல் இல்லாமல் தத்தகாரத்தில் முணுமுணுத்து அனுப்பிய மெட்டுக்கு 'குரல் சரியாகப் பதிவாகவில்லை' என்று சொல்வது, வெந்துகொண்டிருக்கிற சோற்றைப் பார்த்து இலை சுத்தமில்லை என்பதைப் போன்றது. எல்லாம் முடித்து நாளைக்கு வெளியிடப் போகிறேன் என்பவரிடம் பல்லவியின் எடுப்பைப் பற்றிப் பேசி என்ன பயன்? அவர் இன்றிரவு மாற்றக்கூடியதைச் சொல்ல வேண்டும். மற்றது அடுத்த பாட்டுக்கு.

இயந்திரம் சம்பந்தப்பட்ட குறையைச் சுற்றி வளைக்காமல் மருந்தோடு சேர்த்தே சொல்லிவிடுவேன். மேல் சுரம் பாடும்போது பதிவில் குரல் உடைகிறதா, கைபேசியை வாயிலிருந்து இன்னும் ஒரு முழம் தள்ளி வை. தாளம் ஓடுகிறதா, சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் வைத்துப் பாடு. இதில் யாருடைய மனமும் நோகாது. மெட்டைப் பற்றிப் பேசும்போதுதான் என் நாக்கைப் பிடித்துக்கொள்கிறேன். அங்கே நான் கேட்டதை மட்டும் சொல்கிறேன். என்ன செய்யலாம் என்பதை, அவர்களே வாய் திறந்து கேட்டாலொழியச் சொல்வதில்லை.

இதற்கு ஏற்காட்டுப் பெண் ஒருத்தியைத்தான் உதாரணமாகச் சொல்ல வேண்டும். அவளுடைய அம்மாவும் பாட்டியும் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இவள் சேலத்தில் படித்துவிட்டு மலையிலேயே வேலை தேடிக்கொண்டாள். கோடையில் முதல் மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் காப்பிச் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். மல்லிகை போல ஒரு வாசனை. இரண்டு மூன்று நாளில் பூ பழுத்துக் கருகிவிடும். அந்த இரண்டு மூன்று நாளைப் பற்றி அவள் ஒரு பாட்டுக் கட்டினாள். மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் பாதிப் பாட்டு ஒரு நாளும் மீதி மறுநாளும் வந்து சேர்ந்தது.

பல்லவி 'மலைமேலே பூத்ததடி' என்று தொடங்கியது. அவளுக்கு நல்ல குரல், அதைவிட நல்ல மூச்சு. முதல் எழுத்தான 'ம'வைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு ஆவர்த்தனம், அதாவது தாளம் ஒரு சுற்று முடியும்வரை, நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மனம் கரையும். ஆனால் சொல் 'மாலைமேலே' என்று ஆகிவிட்டது. யாரோ கழுத்தில் போட்ட மாலையின் மேல் பூ பூக்கிறது என்றோ, சாயங்காலத்தைப் பற்றிய பாட்டு என்றோதான் கேட்கிறவர் நினைப்பார். இரண்டாம் வரியில் 'காப்பி' என்ற சொல் வந்த பிறகுதான் எனக்கே மலை தெரிந்தது.

தமிழில் மெட்டுப் போடுகிறவர்கள் எளிதில் விழும் கண்ணி இது. படம் பாடமாகும், வரம் வாரமாகும், கல் காலாகும். எழுத்து தன் மாத்திரையைத் தாண்டி இசையில் நீளும் என்பதைத் தொல்காப்பியமே எழுத்ததிகாரத்தில் ஒத்துக்கொள்கிறது. உயிர் அளவு கடந்து ஒலிக்கும், ஒற்றும் நீளும் என்று சொல்லி, அது நரம்பிசை நூலின் வழி என்று விட்டுவிடுகிறது. ஆகவே நீட்டுவதே குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. நெடிலை நாள் முழுக்க இழுத்தாலும் அது நெடிலாகவே இருக்கும். குறிலை இழுத்தால்தான் வேறு சொல் பிறந்துவிடுகிறது. பாட்டுப் பாடுகிற எல்லாருக்கும் இது வாயில் தெரியும். மெட்டுப் போடும்போது சுரத்தின் மயக்கத்தில் மறந்துபோகும்.

இவ்வளவையும் அவளுக்கு எழுதக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு மூன்று வரி எழுதினேன். "மூன்று தடவை கேட்டேன். 12-ஆவது நொடியில் நீ நிற்கும் சுரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்த இடத்தில் எனக்கு 'மாலை' என்று கேட்டது, மலை கண்ணுக்கு வரவில்லை."

இரண்டு நாள் பதில் இல்லை. நான் கொஞ்சம் பயந்தே போனேன். மூன்றாம் நாள் புதிய பல்லவி வந்தது. நானாக இருந்தால் 'ம'வைக் குறுக்கச் சொல்லியிருப்பேன், அல்லது 'மலை'க்குப் பதில் 'காடு' போடச் சொல்லியிருப்பேன். அவள் இரண்டையும் செய்யவில்லை. 'மலை' என்பதைப் பேசுவதுபோலச் சட்டென்று சொல்லிவிட்டு, 'மேலே' என்பதில் உள்ள 'மே'யில் ஏறி, அதே சுரத்தில், அதே ஒரு ஆவர்த்தனம் நின்றாள். நெடில், எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். அதோடு, 'மேலே' என்ற சொல்லுக்குத் தகுந்தாற்போல் மெட்டும் மேலே போய் நின்றது. எனக்குத் தோன்றவே தோன்றாத வழி. அது அவளுக்குள்ளேயேதான் இருந்தது. நான் வழி சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்குமா?

கட்டை, அதாவது பாடும் சுருதியின் உயரம், அந்த விஷயத்திலும் இப்படித்தான். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, இரண்டு கட்டையில் தங்கள் குரலுக்கு மெட்டுப் போட்டுவிட்டு, ஐந்து கட்டையில் பாடும் தங்கைக்கோ தோழிக்கோ கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெண் கீழே போக முடியாமல் காற்றை விடுவாள், 'சுருதி சேரவில்லை' என்று அவள்மேல் பழி வரும். ஒரு பாட்டில் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் காந்தாரம் வரை, ஒன்றே முக்கால் ஸ்தாயி, ஒரே சரணத்துக்குள் வந்தது. "கீழ்ப் பஞ்சமத்தில் சொல் காதில் விழவில்லை, மேல் காந்தாரத்தில் குரல் இறுகுகிறது" என்று மட்டும் சொன்னேன். பாடுகிறவரை மாற்றுவதா, கட்டையை மாற்றுவதா, மெட்டைச் சுருக்குவதா என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

'இது ஏற்கெனவே கேட்ட பாட்டு மாதிரி இருக்கிறதே' என்று போகிறபோக்கில் சொல்வதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மெட்டுப் போட்டவரின் தூக்கத்தைக் கெடுக்க இதைவிட வேறு சொல் வேண்டாம். மோகனத்தில் இருப்பதே ஐந்து சுரங்கள். சீனாவிலும் ஸ்காட்லாந்திலும் நாட்டுப்பாடல்கள் இதே ஐந்து சுரங்களில் இருக்கின்றன. நம்முடைய பழந்தமிழ்ப் பண்ணான முல்லைத் தீம்பாணி இதுதான் என்று இசை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். க, ப, த, ச என்று ஏறுகிற ஏற்றம் ஊர்ப் பொதுக்கிணறு. யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுக்கலாம். ஒரு முழு வரி, அதே நடையில், அதே இடத்தில் எடுத்து அதே இடத்தில் முடிந்தால் அது வேறு கதை. அப்போது எந்தப் பாட்டு, எந்த வரி என்று பெயர் சொல்லிக் காட்டுவேன். காட்ட முடியாவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன்.

நான் இருபது வயதில் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டு, நான் மிகவும் மதித்த ஒரு பெரியவரிடம் பாடிக் காட்டினேன். முடிக்கும்வரை செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நன்றாக இருக்கிறதம்மா" என்றார். திட்டியிருந்தால் சண்டை போட்டாவது இன்னொன்று கட்டியிருப்பேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பதினோரு வருடம் நான் எதுவும் கட்டவில்லை. அதனால்தான் நன்றாக இருக்கும் இடத்தையும் நொடி போட்டே எழுதுகிறேன். எது நன்றாக இருக்கிறது, எந்தச் சுரத்தில், எந்தச் சொல்லில், கேட்டபோது எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாத பாராட்டை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

போன வாரம் செவ்வாய்ப்பேட்டைத் தம்பி புதிதாக ஒன்று அனுப்பினான். 50 நொடி. சொல் எதுவும் இல்லை, வெறும் முணுமுணுப்பு. பட்டறையிலேயே பாடியிருக்கிறான் போலும், பின்னால் ஊதுகுழல் இரைச்சலும் யாரோ இருமுவதும் கேட்கின்றன. மூன்று தடவை கேட்டுவிட்டேன், கடைசித் தடவை இயர்போனில். முதல் பாதி இந்தோள ராகம் போல நடக்கிறது. 27-ஆவது நொடியில், இந்தோளத்தில் இல்லாத ஒரு பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு, ஒரு நொடி ஒன்றும் பாடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறான்.

எழுதி அனுப்பியிருக்கிறேன்: "தம்பி, 27-ஆவது நொடியில் நீ தொடும் சுரத்தில் எனக்கு மூச்சு நின்றது. அதற்குப் பிறகு வரும் அமைதி வேண்டுமென்று விட்டதா, மூச்சு வாங்கியதா? அங்கே என்ன நடக்கிறது, சொல். இந்தப் பதிவை அழித்துவிடாதே."

எட்டு மணிக்குத்தான் அவன் வேலை முடிந்து கைபேசியைப் பார்ப்பான்.